ஒரு சாவி, ஒரு மிஷின்

உச்சி வெயிலில்தான் அந்த மாடியறைக்குப் போனேன். கதவைத் திறந்தேன். செத்த எலியும் ஈரமண்ணும் கலந்த நாற்றம். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

விஜய்சங்கர் செத்து இரண்டு மாதம். அவன் கம்ப்யூட்டர் மட்டும் மூலையில் ஓடிக்கொண்டே இருந்தது. இணையத்தில் யாரென்று தெரியாமல் போய்வர நினைப்பவர்களுக்கு வழிவிடும் ரிலே அது. காசு வாங்காமல் ஏழு வருடம் நடத்தினான். அத்தனை வருட நம்பிக்கையும் அடையாளச் சாவி என்கிற ஒரு சின்ன ஃபைலில் இருந்தது. அது போனால் எல்லாம் போச்சு.

சாவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னான்.

"ஏலே ஜெபசிங்கு, சாவிய பேக்கப் எடுத்துருலே. ஆனா ஒரு சாவி ஒரு மிஷின்லதான் ஓடணும். சாவி யாருகிட்ட இருக்கோ, அவன்தான்லே நான்."

அவன் கை முழுக்கக் கொப்புளம். மேலே கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு என் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். நண்பன்தான். ஆனாலும் அருவருப்பாக இருந்தது.

"பல்லித் தொல்லை தாங்கல தம்பி. அதான் கம்ப்யூட்டர் பெட்டியில புத்துமண்ண அப்பி வச்சேன்" என்றாள், என்னோடு மாடியறைக்கு வந்திருந்த அவன் அக்கா மீனலோசினி.

"காத்து போற ஓட்டைய அடைச்சிட்டீங்களேக்கா! மிஷின் வெந்துரும்லா!"

மூடியைக் கழற்றினேன். உடைந்த பல்லி முட்டைகள் பிசுபிசுத்தன. விசிறியில் ஒரு பல்லி சிக்கிக் கூழாகிக் கிடந்தது. வால் மட்டும் துடித்தது. சாவியைப் பென்டிரைவில் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கி, ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.

என் சர்வீஸ் கடை மிஷினில் சாவியை ஏற்றினேன். ரிலே பட்டியலில் அவன் வைத்த பெயர் பச்சையாக வந்தது. அப்பாடா என்றிருந்தது.

பத்தே நிமிடம். பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராக இருந்த இணைய விலாசம் மாறியது.

அதே சாவி இன்னொரு இடத்திலும் ஓடுகிறது.

அந்த மாடியறையில்.

ஹார்டு டிஸ்க் என் பைக்குள்தான் இருந்தது.

அக்காவுக்குப் போன் அடித்தேன். "பிளக்க மாட்டினீங்களா?"

"இல்லியே." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா விசிறி ஓடுத சத்தம் கேக்கு."

அவள் மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள இருந்துக்கிட்டே எதுக்குலே போன் பண்ணுத, சங்கரு?"

போனை வைத்துவிட்டேன். பென்டிரைவைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். என் மிஷினில் இருந்த சாவியையும் அழித்து, கரண்டை நிறுத்தினேன். கொடுத்த வாக்காவது மண்ணாவது!

மணிக்கட்டு அரித்தது. அவன் பிடித்த அதே இடம்.

மூன்று கொப்புளம். மேலே ஈரமாகப் புற்றுமண்.

கழுவினேன். மறுபடியும் கழுவினேன். போகவில்லை.

செல்போனில் பட்டியலைத் திறந்தேன். அவன் பெயர் பச்சையாகவே இருந்தது. விலாசம் மட்டும் மறுபடியும் மாறியிருந்தது. என் கடைக்கு.