வித்துரா வண்டி

காப்பி டம்ளரை வைக்க வேறு இடம் கிடைக்காமல் திவ்யலட்சுமி அதை மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மேல் வைத்தாள். விரல் நுனி இரும்பில் பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது.

"ஏன்னா, எஞ்சினை ஓட்டினேளா?"

சாம்பசிவன் கொல்லைத் தகரக் கூரையின் கீழ் சம்மணமிட்டு, கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் முக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். "பெட்ரோல் டேங்க் அதோ பெயிண்ட் காயத் தொங்கறது. கார்புரேட்டர் என் கையில இருக்கு. எதை வெச்சுடீ ஓட்டறது?" என்று சிரித்தான்.

அவள் மறுபடி தொட்டுப் பார்த்தாள். வெகுதூரம் போய்விட்டு இப்போதுதான் வந்து நின்ற வண்டி போல இருந்தது. மூன்று நாளாக கரமனையில் வெயிலே இல்லை. தகரத்தில் மழை அடித்துக்கொண்டேயிருந்தது. மண்ணெண்ணெயும் துருவும் கலந்த வாடைக்கு அடியில் இன்னொன்றும் மெல்ல வந்தது. தலைமுடி கருகினால் வருகிற வாடை.

சாம்பசிவன் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டான், பேப்பரில் ஏந்திக் கொண்டுபோய் வாசலில் விடுவான். பதினோரு வருஷத்தில் அவளை ஒரு சொல் உரக்கச் சொன்னதில்லை. ஆபீஸ் வேலையாக மலைப்பக்கம் வித்துரா போனபோது ஒரு ரப்பர் தோட்டத்து ஷெட்டில் இந்த வண்டியைப் பார்த்திருக்கிறான். அறுபத்தெட்டாம் வருஷத்து மாடல். இருக்கை மக்கி, சக்கரம் மண்ணில் புதைந்து கிடந்ததாம். தோட்டத்துச் சொந்தக்காரி ஷாலு எதுவும் வாங்கிக்கொள்ளாமல், கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டாள். அக்ரஹாரத்து வீடு வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரே நேர்கோடு. அந்த இடைகழி வழியாக, கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, நாலு பேர் பிடித்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

முதலில் எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆபீசிலிருந்து வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்காருவான். எமரி பேப்பரால் துருவைத் தேய்ப்பான். இரண்டு பேர் உட்காரும் நீள இருக்கையை எடுத்துவிட்டு ஒற்றை இருக்கை வைத்தான். பின்பக்க மட்கார்டை அறுத்துக் குட்டையாக்கினான். பிறகு ஒரு நாள் ஹேண்டில்பாரின் இரண்டு நுனியையும் ஒரு சாண் அறுத்தான்.

"இவ்வளவு குறுகலா எதுக்கு?"

"வீட்டுக்குள்ள ஓட்டணும்லே" என்றான், தலை நிமிராமல்.

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பேச்சு மாறியது. ஆபீசில், பஸ்ஸில், கடையில் அவன் மலையாளம் பேசுவான், ஊரே அப்படித்தான். ஆனால் அவளிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவளிடம் ஆத்துத் தமிழ்தான். எஞ்சின் சுட்டதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் துணி எடுக்கக் கொல்லைக்கு வந்தபோது, வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தவன், மலைப்பக்கத்துக்காரர்கள் இழுத்துப் பேசுகிற மலையாளத்தில், கரகரத்த குரலில் கூப்பிட்டான்.

"எடீ தங்கம்மே. இங்கோட்டு வாடீ."

"யாரு தங்கம்மை?"

அவன் நிமிர்ந்தான். கண்ணில் ஒன்றும் இல்லை. "என்னடீ? நான் ஒண்ணும் சொல்லலையே." அவன் குரல்தான், அவன் தமிழ்தான். கையில் மட்டும் வண்டியின் செயின் சுருண்டிருந்தது. முஷ்டியைச் சுற்றி, இறுக்கமாக, தோல் கிழிந்து ரத்தம் வருகிற அளவுக்கு. அவனுக்கு அது தெரியவே இல்லை.

வியாழக்கிழமை கொல்லைக்குள் வந்த பூனையை ஸ்பானரால் அடித்துக் கொன்றான். ஒரே அடியில் செத்ததை எத்தனையோ தடவை அடித்தான். அப்புறம் அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்கு ஓடி வாந்தியெடுத்தான். "நான் இல்லை திவ்யா. என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறது" என்று குழந்தை மாதிரி அழுதான். அவன் தலையை மடியில் போட்டுத் தடவிக்கொடுத்தாள். அவன் தலைமுடியிலிருந்தும் அந்தக் கருகல் வாடை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கொல்லையில் இருந்தான். திவ்யலட்சுமி கூடத்தில் நின்று ஷாலுவுக்கு போன் போட்டாள். யாருடைய வண்டி அது என்று மலையாளத்தில் கேட்டாள்.

"அச்சனோடது" என்று தன் அப்பாவைச் சொன்னாள் ஷாலு. "சேட்டன் உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறார், சேச்சி?"

"தங்கம்மை."

"அது என் அம்மை பேரு."

அப்புறம் அவள் நிறுத்தாமல் சொன்னாள். அம்மையை அச்சன் வண்டிக்குப் பின்னால் கட்டி, வித்துராவிலிருந்து கல்லாறு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, சைலன்சரில் ஒட்டிக் கருகிய அம்மையின் முடியைத் துடைத்துக்கொண்டு நின்றவரை, நானும் அண்ணன்மாரும் வண்டியோடு சேர்த்து ஷெட்டில் தள்ளிப் பூட்டினோம். ஒன்பது நாள் கத்தினார். பத்தாம் நாள் சத்தம் நின்றது. முப்பது வருஷம் நாங்கள் திறக்கவில்லை. இந்த ஏப்ரலில் திறந்தோம். பூட்டு அப்படியே இருந்தது, சுவரும் அப்படியே. வண்டி மட்டும் இருந்தது. ஒரு எலும்பு கூட இல்லை.

"எங்ககிட்டேருந்து போகட்டும்னு கொடுத்துட்டோம். மன்னிச்சிடுங்க சேச்சி" என்றாள் ஷாலு. போன் கட்டானது.

திவ்யலட்சுமி உடனே நவநீத்தைக் கூப்பிட்டாள். சாம்பசிவனின் தம்பி, கிழக்கேகோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். இருபது நிமிஷத்தில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். அதற்குள் கரண்ட் போய்விட்டது. நாலு மணிக்கே இடைகழி இருண்டு கிடந்தது. இரண்டு பேரும் வாசல்பக்கம் நின்றபோது, அந்த நீண்ட இருட்டின் மறுகோடியில், மழைக்கு நடுவே, மிக நிதானமாக, ஒவ்வொரு துடிப்பாக, பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

கொல்லைக்கு ஓடிப் பார்த்தபோது டேங்க் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டி ஸ்டாண்டில் நின்றது. பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. சாம்பசிவன் பக்கத்தில் குந்தி, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நிறுத்து அதை" என்றான் நவநீத்.

"வாடா. இங்க ஒரு வயர் இருக்கு, பாரு." அவன் குரல்தான். சாந்தமான குரல். தம்பியின் கையைப் பரிவோடு பிடித்தான்.

"நவநீத், தொடாதே!"

சாம்பசிவன் அந்தக் கையைச் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினான்.

சத்தம் ஈரமாக இருந்தது. எஞ்சின் ஒரு துடிப்பு திணறி, அப்புறம் மறுபடி சீராக ஓடியது. நவநீத்தின் வாய் திறந்திருந்தது. சுவரில் ரத்தம். தொங்கிய டேங்கில் ரத்தம். முழங்கை வரைக்கும் கை அறுந்து போனது. அவன் மயங்கிச் சரிந்தான்.

பெரிய ஸ்பானர் அவள் கையில் எப்படி வந்ததென்று தெரியாது. ஓங்கி அடித்தாள். சாம்பசிவனின் தலையில். மண்டை பிளந்து காது வழியே ரத்தம் இறங்கியது. அவன் மெல்லத் திரும்பினான். கண்ணில் அவன் இருந்தான். அவளுடைய சாம்பசிவன்.

"திவ்யா" என்றான். "நான்தான். சீக்கிரம். இன்னொண்ணு போடு. பலமா போடு. கொன்னுடுடீ என்னை. அவன் வந்துண்டிருக்கான்."

அவள் ஸ்பானரைத் தூக்கினாள். தூக்கியபடி நின்றாள். பதினோரு வருஷ முகம். அழுகிற முகம். கை இறங்கவில்லை.

"திவ்யா, ப்ளீஸ்—"

கை இறங்கவில்லை.

அவன் கண்ணில் ஏதோ அணைந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "தங்கம்மே" என்று கரகரத்தான். புறங்கையால் ஒரு அறை. அவள் துவைக்கிற கல்லில் போய் விழுந்தாள். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. எழுந்திருக்க முடியவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. கிணற்றடி நைலான் கயிற்றை அவன் எடுத்தான். நவநீத்தின் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டினான். மறுநுனியை வண்டியில் கட்டினான். மழையில், அவசரமே இல்லாமல்.

வண்டி இடைகழிக்குள் புகுந்தது. அறுத்த ஹேண்டில்பார் இரண்டு சுவரையும் தொடாமல் போனது. நவநீத்தின் தலைதான் ஒவ்வொரு நிலைப்படியிலும் இடித்தது. சமையலறைப் படி. கூடத்துப் படி. வாசல் படி. அவன் எங்கேயோ நடுவில் முழித்துக்கொண்டு கத்தினான். மூன்றாவது படிக்கு அப்புறம் கத்தவில்லை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற தரையில் வழுக்கிக்கொண்டு, வாசலுக்கு வந்து சேர்ந்தாள். தெருவில் வீட்டுக்கு வீடு கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டு பிச்சுமணி மாமா குடையோடு படியில் நின்றார். யாரும் அசையவில்லை. வண்டி தெருக்கோடிவரை போயிற்று. அதன் பின்னால் மழைத் தண்ணீரில் ஒரு சிவப்புப் பட்டை, அகலமாக, நீளமாக. ஓட்டுகிறவன் முகத்தை முழுக்கப் பின்னால் திருப்பி வைத்திருந்தான். வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான்.

"பிரேக்கை அமுக்கறேன் திவ்யா! நிக்க மாட்டேங்கறது! உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோடீ!"

தெருக்கோடியில் வண்டி தானாக நின்றது. ஒரு காலை ஊன்றினான். மெதுவாக வண்டியைச் சுற்றி, அவளைப் பார்க்கத் திருப்பினான்.

இப்போது அழவில்லை.

இருக்கையில் உட்கார்ந்தபடியே பின்னால் குனிந்து, கயிற்றை இழுத்து, நவநீத்தின் காலிலிருந்து அதை அவிழ்த்தான். நுனியை மழைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தான். பிறகு அவளைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு சுருக்குப் போட ஆரம்பித்தான்.