கேட்டவர்: அக்கா

நோட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்ததாக எழுதியிருந்தது. முந்தைய நாள் அவன் நிறுத்தியது தொண்ணூற்றாறில்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டைத் தொட்டாலும் தேதி, நேரம், செய்த வேலை என்று எழுதியே பழகிய கை சும்மா இருக்குமா? படிக்கும் புத்தகங்களுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தான். எந்தப் பக்கத்திலிருந்து எதுவரை, எத்தனை மணிக்கு, கேட்டவர் யார். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டதிலிருந்து தினமும் அவளுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

புது வரி இப்படி இருந்தது: பகல் 2.30. பக்கம் 97–112. கேட்டவர்: அக்கா.

கையெழுத்து அவனுடையது. அக்காவுடையதும் அப்படியேதான் இருக்கும். கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். கட்டை விலக்கித் திருட்டுத்தனமாகப் படிக்கிறாளோ? இன்னும் மூன்று நாளைக்குள் வெளிச்சம் பட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அக்கா, கட்டை அவுத்தியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப நூத்திப் பன்னெண்டு வரைக்கும் யாரு படிச்சா?"

"நீதானேடா மத்தியானம் வந்து படிச்சே? நல்லாத்தான் படிச்சே. எப்பவும் போல கொட்டாவி விடல."

கேலி பேசுகிறாளா? அவள் பொய் சொன்னால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கண்தான் கட்டுக்குள் இருந்தது.

மறுநாள் நோட்டையும் புத்தகத்தையும் பீரோவுக்குள் வைத்து, வாசல் கதவையும் பூட்டிவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் பீரோவைத் திறந்தால் 113–140.

அதற்கடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பினான். பூட்டு காலையில் தொங்கியபடியே தொங்கியது. ஜன்னல் வழியாகக் கண் மருந்தின் காட்டமான வாசனை வந்தது. உள்ளே ஃபேன் கடகடத்தது, எங்கேயோ குழாய் சொட்டியது, அந்தச் சத்தங்களுக்கு அடியில், அவசரமே இல்லாமல், ஒரு குரல் வாசித்துக்கொண்டிருந்தது. அவன் குரல்.

கூப்பிட வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா.

"யாருமில்லக்கா" என்றது குரல். "கட்டு அரிக்குதா? அவுத்து விடட்டுமா?"

"டாக்டர் திட்டினா நீதான் வாங்கிக் கட்டிக்கணும்."

அவன் சாவி அவன் பூட்டில் நுழையவில்லை. ஜன்னலுக்கு ஓடினான். திரை இடுக்கில் அக்காவின் மோவாய் நிமிர்ந்திருந்தது. எதிரே அவனுடைய நீலச் சட்டையின் முதுகு. பொறுமையான இரண்டு கைகள். கட்டு சுற்றுச் சுற்றாய் அவிழ்ந்தது. வேண்டாம். அக்கா, வேண்டாம்.

இமைகளைப் பிரித்தாள். பார்வை போகவில்லை. எதிரே இருந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கன்னத்தைத் தடவினாள்.

"இளைச்சுப் போயிட்டியேடா."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவனைப் பார்த்தாள்.

வீறிட்டாள்.