பந்தியில் நடந்த கூத்து

வார்ப்புக்கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கோமளாவின் புருஷன் சிகாமணி எழுந்து உட்கார்ந்தபோது அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். அதே மூக்கு, அதே முன்வழுக்கை. ஆனாலும் மனசு ஒட்டவில்லை.

செவ்வாய்க்கு உடம்பைச் சுமந்துகொண்டு இப்போது யார் வருகிறார்கள்? பூமியில் ஆளைக் கோப்பாக்கி அனுப்பினால், இங்கே வார்ப்பி என்கிற இயந்திரம் அதைப் படித்து ஆளை வார்த்துவிடும். அந்தக் கோப்பில்தான் வினையே. துகள்பதிவு என்றால் ஒவ்வொரு அணுவும் வந்து சேரும், மலையளவு கோப்பு. பொருள்பதிவில் சாரம் மட்டும்தான், மீதியை வார்ப்பியே நிரப்பிக்கொள்ளும். ‘இட்லி’ என்று எழுதி அனுப்பினால் இங்கே இட்லி வரும், சரி. உங்கள் வீட்டு இட்லி வருமா?

அலைவரிசையில் நெரிசல் என்றால் அனுப்புகிறவர்களே சத்தமில்லாமல் பொருள்பதிவுக்கு மாற்றிவிடுவார்கள், பாவிகள். அதனால்தான் இங்கே ஒரு வழக்கம்: வந்தவரிடம் உறவினர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். பதில் பொருந்தாவிட்டால் ஆளை அழித்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் கோமளா தனியாக வந்தபோது கேட்க ஆளில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

"என்னங்க, நம்ம கல்யாணத்தன்னிக்குப் பந்தியில ஒரு கூத்து நடந்துச்சே, என்ன அது?"

சிகாமணி முகம் மலர்ந்தான். "மறப்பேனா கோமு? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோமே!"

"அதான், எதுக்குச் சிரிச்சோம்?"

"பந்தியில... ஒரு கூத்து. ஒரே சிரிப்பு." அவன் சிரித்த முகத்தோடே இருந்தான்.

கோமளா பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் திரும்பினாள். "ஐயோ, இது அவர் இல்லைங்க! என் புருஷன எங்க தொலைச்சீங்க?"

"பதறாதீங்கம்மா," என்றார் அதிகாரி ஜெயசீலி. "சரியான பதிலைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். பொருந்தலைன்னா இவரை அழிச்சிடுவோம்."

"எழுதிக்குங்க. பந்தியில..."

கோமளா நிறுத்தினாள். பந்தி தெரிந்தது. வாழையிலைகள் தெரிந்தன. இலைகளில் எதுவும் இல்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் முகம் இல்லை.

"பந்தியில என்னம்மா?"

"ஒரு கூத்து," என்றாள் மெதுவாக. "எல்லாரும்... விழுந்து விழுந்து சிரிச்சோம்."

ஜெயசீலி எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"உங்க கோப்பு எண்ணைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா."