ஆணியில் தொங்கிய டோக்கன்

போன வருஷம் தன் கையாலேயே அழித்த கெர்னலின் பெயர் கம்ப்யூட்டர் திரையின் தொடக்கப் பட்டியலில் மறுபடி வந்து நின்றதைப் பார்த்ததும் சுனில் முதலில் தன் கண்களைத்தான் சந்தேகப்பட்டான். புதியது ஒன்று, பழையது ஒன்று, இரண்டு வரிதான் இருக்க வேண்டும். மூன்றாவதாக அது இருந்தது. அவன் புதியதைத் தட்டியதும், ஒன்றுமே நடக்காதது போல மெஷின் ஓடத் தொடங்கியது.

பாலகாட் தங்கச் சுரங்கத்தில் மூடிக் கிடந்த ஷாஃப்ட் குழியில் தண்ணீர் இறைக்க வந்த கம்பெனியின் மெஷின் அது. மோட்டார், விஷவாயு சைரன், கீழிருந்து அடிக்கும் மணி எல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான். அதன் அடிப்படை மென்பொருளான கெர்னலை மாற்றினால், சைரனையும் மணியையும் இயக்கும் கார்டின் டிரைவர் புரோகிராமையும் அதற்கேற்ப மறுபடி கட்ட வேண்டும். பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் கதவு திறக்குமா? போன வருஷம் சுனில் அதைத்தான் செய்தான். இடம் போதவில்லை என்று பழைய கெர்னலையும் துடைத்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. அவன் முழித்துக்கொண்டிருந்தபோது கீழே வாயு கசிந்தது. சைரன் கத்தவில்லை, மணியும் ஒலிக்கவில்லை. கீழே தொழிலாளி ஏனோக் இருந்தான்.

இறங்குகிறவன் தன் பெயர் பொறித்த பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். ஏறி வந்ததும் மாட்டுவான். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடாமல் ஷிஃப்ட் கலையாது. டிரைவரைச் சரிசெய்யும்வரை யாரும் கேள்வி கேட்கக் கூடாதே என்று, சுனில் ஆபீஸிலிருந்த ஏனோக்கின் மாற்று டோக்கனை அவன் ஆணியில் மாட்டினான். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் கிடைத்த உடலில் விரல் நகங்கள் இல்லை, மணிப் பொத்தானை அவ்வளவு அடித்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்த அசல் டோக்கனை சுனிலே உருவி, பேத்தமங்களா ஏரியில் எறிந்தான். முழுப் பூசணிக்காயும் சோற்றில் மறைந்தது.

"டோக்கன் எடுக்காம அவரு எறங்கவே மாட்டாருங்க சார்," என்று கல்லறைத் தோட்டத்தில் ஏனோக்கின் மனைவி பாக்கியவதி சொன்னாள். அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இந்த முறை டிரைவரைக் கட்டிவிட்டுத்தான் கெர்னலை மாற்றினான். இருந்தும் கார்டைக் காணோம் என்றது திரை. ஷாஃப்டில் ஆட்களை இறக்கும் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் மாணிக்கராஜ் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி வேர்த்துக் கீது?"

"ஒண்ணுமில்லண்ணா. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும். சைரன் மறுபடி ஊமை என்று தெரிந்தால் போன வருஷத்தையும் தோண்டுவார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். கீழே முதல் லெவலில் ஒயர் கழன்றிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறக்காமல் தன் டோக்கனை எடுத்துப் பையில் போட்டான். கூண்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினான்.

சாயங்கால வெளிச்சம் தலைக்கு மேலே சுருங்கியது. ஈரப் பாறை, துருப்பிடித்த இரும்பு, அதற்கும் அடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். முதல் லெவலின் விளக்கு எதிரே வந்தது. கூண்டு நிற்கவில்லை. விளக்கு மேலே போய்விட்டது.

மணிப் பொத்தானை அழுத்தினான். சத்தமில்லை. மறுபடி. சத்தமில்லை.

தொண்டை எரிந்தது. கூண்டு தானாக நின்றது. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"சுனில் சார் வூட்டுக்குப் போய்ட்டாரு போல சார்," மாணிக்கராஜ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "டோக்கன் ஆணில தொங்குது. கீய யாரும் இல்ல. பூட்டிக்கினு கெளம்பட்டா?"

"அண்ணா! நான் கீழ இருக்கேன்!"

கரகரப்பு மட்டும்.

பையில் கையை விட்டான். டோக்கன் இருந்தது. இருந்ததே! வெளியே எடுத்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஏரிப் பாசி. பாசியை விரலால் தேய்த்தான்.

ஏனோக்.

மேலே இரும்புக் கதவு சாத்தும் சத்தம். பூட்டு. வெளிச்சம் போயிற்று.

சுனில் பொத்தானை அடித்தான். அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். அவன் கைமேல் இன்னொரு கை பதிந்து, அவனோடு சேர்ந்து அழுத்தியது. ஈரமான கை. அதன் விரல்களில் நகமில்லை.