இடது முன் சக்கரம்

வார விடுமுறை நாள், மதியம் இரண்டு மணி இருக்கும். ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டு, குனிந்து பட்டறைக்குள் நுழைந்தான் குச்சி. ஆள் ஒல்லி, வேலை வெல்டிங். இரண்டையும் பார்த்து முதலாளி முதல் நாளே வைத்த பேர் அது. பாஸ்போர்ட்டில் இருக்கிற பேரைச் சொல்லி இந்த நாட்டில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. அக்காவுக்கு அவன் தம்பி. அத்தானுக்கு மாப்ளே.

அத்தான் போய்ச் சேர்ந்து அன்றோடு பதினோரு நாள்.

வெளியே மழை மூட்டம். கூரைத் தகட்டில் இருந்த ஒரே கண்ணாடிச் சதுரம் வழியாக அழுக்குத் தண்ணீர் மாதிரி வெளிச்சம் இறங்கியது. ரப்பர் வாடை, தின்னர் வாடை, அலுமினியம் எரிந்த வாடை. நடு மேஜையில் சாக்கு போட்டு மூடிய வட்டமான ஒன்று கிடந்தது. அத்தான் காரின் இடது முன் சக்கரம். கார் பின்வாசலில், தார்ப்பாய்க்குள் நின்றது.

அந்தப் பட்டறையில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. அலுமினிய அலாய் வீலின் விளிம்பில் விரிசல் என்றால் வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம். விரிசல் ஸ்போக்கின், அதாவது ஆரக்காலின் அடியில், நடுப்பகுதியோடு சேரும் இடத்தில் இருந்தால் தொடவே கூடாது. கிரைண்டரால் இரண்டாக வெட்டிப் பழைய இரும்போடு போட வேண்டும். முழுசாகப் போட்டால் எவனாவது எடுத்து, மூடி மறைத்து, மறுபடி மாட்டிவிடுவான்.

அந்த எவனாவது குச்சிதான்.

நான்கு மாதம் முன்பு முதலாளி ஒரு வீலைக் காட்டி, "வெட்டிப் போடு" என்றார். அதே வாரம் அத்தான் கார் பள்ளத்தில் இறங்கி ஒரு வீல் நசுங்கியிருந்தது. அந்த டிசைன் கடையில் எங்கும் இல்லை. இது அச்சு அசல் அதே டிசைன். விசா எடுத்துக் கொடுத்து, விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போய், மூன்று மாதம் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்த மனுஷனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று குச்சிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. வீலை மேஜைக்கடியில் ஒளித்தான். ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை முழுக்க உட்கார்ந்து உள்பக்கம் வெல்டிங் வைத்தான், இழைத்தான், வெள்ளிப் பெயின்ட் அடித்தான். அவன் கண்ணுக்கே தழும்பு தெரியவில்லை.

"மாப்ளே கை பட்டது. இனி இதுக்கு அழிவே கிடையாது" என்று தட்டிக் கொடுத்தார் அத்தான்.

பதினோரு நாளைக்கு முன்னால், நேரான, காலியான சாலையில், கார் சுவரில் போய் மோதியது. இழுத்து வந்த காரில் அந்த வீலைப் பார்த்ததுமே முதலாளிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

போன் அடித்தது. முதலாளி.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன் சார்."

"நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வர்றான். அதுக்குள்ள வெட்டி முடி. மோதினதுல வீல் உடைஞ்சு சிதறிப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

"சார்… வீலால ஆச்சுன்னு தெரிஞ்சா, அத்தான் மேல தப்பு இல்லன்னு ஆயிடும்ல?"

"ஆயிடும். அப்புறம் யார் மேல ஆகும்? சொல்லு." அவரே சிரித்தார். "நாலு மாசம் முன்னாடி செய்யவேண்டிய வேலைடா. கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்."

குச்சி சாக்கை விலக்கினான். ஐந்து ஸ்போக்கில் இரண்டு பிய்ந்து தொங்கின. மூன்றாவதில்தான் அவன் வெல்டிங். சேறு அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கிரைண்டரைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தான்.

ஒருவேளை அவன் வெல்டிங் விட்டுப்போகாமல், வேறு இடத்தில் உடைந்திருந்தால்?

அந்த ஒரு நப்பாசை போதுமே. ரப்பர் கையுறையை மாட்டினான். சேற்றைக் கழுவித் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்தான். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கும். பத்து நிமிடம் கழித்து மேலே துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்தால், இறங்கிய சாயம் மெல்ல மேலே ஊறி, விரிசல் இருக்கும் இடத்தில் கோடு போட்டுக் காட்டும். கண்ணுக்குத் தெரியாததையும் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. பொய் சொல்லாது.

பத்து நிமிடம் காத்திருந்தான்.

அப்போதுதான் எலுமிச்சை வாசனை வந்தது. அத்தான் காரின் கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டையின் மட்டமான எலுமிச்சை. கார் பின்வாசலில், கதவு சாத்தி, தார்ப்பாய் கட்டிக் கிடக்கிறது. வாசனை மேஜையிலிருந்து வந்தது.

துடைத்தான். வெள்ளைப் பொடியை அடித்தான். வீல் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தது.

போன் மறுபடி அடித்தது. ஊரிலிருந்து அக்கா.

"தம்பி, சாப்டியா?"

"சாப்டேன்க்கா."

"பொய் சொல்லாத. குரலே சரியில்ல. இங்க சித்தப்பா வீட்ல அவர் குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு பேசிக்கறாங்கடா. என் காதுபடவே பேசறாங்க. அவருக்கு அந்தப் பழக்கமே இல்லியேடா. பெரியவன் இன்னிக்கு ஸ்கூல்ல சண்டை போட்டுட்டு சட்டை கிழிஞ்சு வந்திருக்கான்."

வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி பூத்தது.

"நீ பக்கத்துலயே இருந்தவன். நீ சொல்லு. வண்டில ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

புள்ளி நீண்டது. சரியாக அவன் வெல்டிங் மேலேயே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கோடு கிழித்த மாதிரி.

அவன் கைவேலைதான்.

"தம்பி? லைன்ல இருக்கியா?"

கோட்டுக்கு மேலே இன்னொரு சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. கோடாக இல்லை. வட்டமாக. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

விரல் நுனிகள்.

மேலே நான்கு, கீழே ஒரு கட்டைவிரல். பிளந்துகொண்டு போவதை விடாமல் சேர்த்துப் பிடிக்கிறவன் எப்படிப் பிடிப்பானோ அப்படி. மோதிர விரல் மட்டும் மற்றதுக்கு எட்டாமல் பாதியில் நின்றது. அத்தான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் மிஷின் கடித்துத் துப்பிய விரல் அது.

குச்சி தன் கையைப் பார்த்தான். கையுறை கிழியவில்லை. விரல் ஐந்தும் முழுசாக இருந்தன.

"மாப்ளே," என்றது மேஜைப் பக்கம்.

கோபமாக இல்லை. மூச்சு முட்டுகிறவன் குரல்.

"பிடிச்சிருக்கேன்டா. சீக்கிரம்."

"தம்பி, என்னமோ கேட்குதே, யாருடா அங்க?"

"யாருமில்லக்கா." வாய் தானாகப் பேசியது. "வண்டில கோளாறு இல்ல. நான்தான் பார்த்துக் கொடுத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அத்தான்தான்… கொஞ்சம் வேகமாப் போயிட்டார்."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

"சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்தாள். குச்சி கிரைண்டரைப் போட்டான். அலுமினியத்தில் பொறி பறக்காது, தூள்தான் கொட்டும் என்பது எட்டு வருஷமாக அவனுக்குத் தெரியும். அன்றைக்குக் கொட்டிய தூள் சிவப்பாக இருந்தது. சாயம்தான், சாயம்தான் என்று சொல்லிக்கொண்டே வெட்டினான். விரல்கள் இருந்த இடத்தின் வழியாகத்தான் வெட்ட வேண்டியிருந்தது. வேறு வழியில்லை.

பிளேடு அந்த இடத்தைத் தொட்டபோது கிரைண்டர் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது.

அதைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை இன்சூரன்ஸ்காரர் வந்தார். தார்ப்பாயை விலக்கி, காரைச் சுற்றி வந்து படம் எடுத்தார். சக்கரம் இல்லாத மூலையில் குனிந்து பார்த்துவிட்டு, "வேகம்தான், வேற என்ன" என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். முதலாளி குச்சியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"தப்பிச்சடா குச்சி. உங்க அத்தான் புண்ணியம்."

கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா. பசங்ககிட்டயும். அப்பா வேகமாப் போனாருன்னு." பின்னால் பெரியவன் எதையோ தூக்கிச் சுவரில் அடிக்கிற சத்தம்.

"காரை ஏத்த லாரி வருது," என்று முதலாளி உள்ளிருந்து கத்தினார். "அதுக்கடில இருக்கற ஜாக்கை உருவிட்டு வா. பார்த்து, முட்டுக் குடுத்துட்டு உருவு."

குச்சி ஒரு மரக்கட்டையோடு பின்வாசலுக்குப் போனான். மண்டியிட்டு, சக்கரம் இல்லாத அந்த மூலைக்கடியில் கையை விட்டுத் துழாவினான்.

ஜாக் இல்லை.

கல் இல்லை. கட்டை இல்லை. தரைக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் வெறும் காற்று. மூன்று சக்கரத்தில், மட்டம் பிடித்து வைத்தது போல நிமிர்ந்து நின்றது கார்.

கையை உருவிக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த மூலை ஓர் அங்குலம் மெல்லத் தாழ்ந்தது. மூச்சு வாங்குகிறவன் பிடியை மாற்றிக்கொள்வது போல ஒரு கணம் ஆடியது. பிறகு மறுபடி உயர்ந்து நின்றது.