கரி படியாத அலாரம்

"அந்த எலக்ட்ரீஷியன் என் பொண்டாட்டியைக் கொன்னுட்டான் சார். நீங்க அதை எழுத்துல கொடுத்தாப் போதும்" என்றார் வந்தவர், உட்காருவதற்கு முன்பே.

ஊரில் ‘நிதானம்’ என்று பெயர் எடுத்த அந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். பக்கத்திலிருந்த அவருடைய மச்சினனோ அதற்குள் நோட்டைத் திறந்து ‘கொலை’ என்று எழுதி அடிக்கோடும் இழுத்துவிட்டான். தட்டச்சுப் பள்ளி நடத்தி ஓய்ந்தவன், ஐம்பத்தைந்து வயது. தலை நரைத்ததே தவிர, முந்திரிக்கொட்டைத்தனம் நரைக்கவில்லை.

வந்தவர் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். குள்ளமான மனிதர். கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நட்டுக்கொண்டு சொன்னார்:

"மாடியில, படுக்கை ரூமுக்கு வெளிய, நடையோட சீலிங்ல ஒரு புகை அலாரம் மாட்டினோம் சார். ஞாயித்துக்கிழமை தவறாம நானே பட்டனை அமுக்கிப் பார்ப்பேன். தெருக்கோடி வரைக்கும் கேக்கும். தீப்பிடிச்சதுக்கு ரெண்டு நாள் முன்னாடிகூட அலறுச்சு. அன்னைக்கு மத்தியானம் நான் வெளிய போயிருந்தேன். கீழ் ரூம்ல இஸ்திரிப்பெட்டி வயர் பத்திக்கிச்சு. அவ காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கிட்டு மேல தூங்கிட்டு இருந்தா. தீ மேல போகல, புகை போயிடுச்சு. அந்தச் சனியன் கத்தவே இல்ல சார். எதிர்வீட்டுக்காரங்க வாசல்லயேதான் இருந்தாங்களாம். ஒரு சத்தமும் கேக்கல."

"அணைச்ச பிறகு யாராவது அமுக்கிப் பாத்தாங்களா?"

"ஆபீசருங்க பாத்தாங்க. அப்ப அலறுது!" கைத்தடியால் தரையைத் தட்டினார். "முன்னாடி அலறுது, பின்னாடி அலறுது. அவ சாகும்போது மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கு. ஒழுங்கா மாட்டியிருந்தா இப்படி ஆகுமா? திங்கக்கிழமை விசாரணை. அவன் லைசென்ஸைப் பிடுங்கணும்."

"லூஸ் கனெக்‌ஷன்! சந்தேகமே இல்ல" என்றான் மச்சினன்.

"பாத்துட்டுச் சொல்லலாம், மாப்ள" என்றார் நிதானம்.

எலக்ட்ரீஷியனை அவனுடைய கடையிலேயே பிடித்தார்கள். பிடிக்க ஓடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு மாதமாக யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. மேஜைமேல் திருப்புளிகளை அளவுவாரியாக அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தான்.

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே மாட்டச் சொன்னாங்க சார். சுவரைத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க, வீடு பூரா மாவு மாதிரி தூசி. மாட்டினேன், பட்டனை அமுக்கி அலறவிட்டுக் காட்டினேன். பெயிண்ட் முடிஞ்சதும் என்ன பண்ணணும்னு அந்த அம்மாகிட்ட ரெண்டு தரம் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்."

"அய்யாகிட்ட?"

"அவர் கடைக்குப் போயிருந்தார். அந்த அம்மா நல்லவங்க சார். ஏணியைப் பிடிச்சுக்கிட்டாங்க." திருப்புளியைக் கீழே வைத்தான். "நெருப்புக்கு அப்புறம் நானும் மேல போய்ப் பாத்தேன். நான் மாட்டினபடியேதான் இருக்கு. ஒரு குறையும் தெரியல. அதான் பயமா இருக்கு. எனக்கே தெரியாம ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போலிருக்கு. இப்பல்லாம் என் வீட்டு சுவிட்சைக்கூட நான் போடறதில்ல."

அங்கிருந்து இறங்கி நடக்கும்போது மச்சினன் நோட்டில் ‘கொலை’யை அடித்துவிட்டு ‘கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டான். ஆள் பாவமாக இருந்தான் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஸ்டோர் கீப்பர் வீட்டுக் கதவை மகள் திறந்தாள். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், நல்ல உயரம். வாசல் நிலையில் இடிக்காமல் தலை குனிந்து வெளியே வந்து, பின்கட்டுச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனாள். முன்னறை எரிந்து கிடந்தது. சாப்பாட்டு நாற்காலிகளின் முதுகில் கம்பெனி ஒட்டிய பாலித்தீன் அப்படியே இருந்ததால் மச்சினன் உட்கார்ந்ததும் நொறுக்குத்தீனிப் பொட்டலம் போல் சத்தம் வந்தது. டி.வி. ரிமோட் உறைக்குள் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரன் ஒட்டிய விளம்பரத்தாள் மஞ்சளாகிப் போயிருந்தது.

"புது ஃபிரிட்ஜாம்மா?"

"பன்னெண்டு வருஷமாச்சு" என்றாள் அவள். "ஸ்டோர்ல இருக்கற வரைக்கும் சரக்கைப் பிரிக்கக் கூடாதாம். பிரிச்சா தூசி அடையும், அப்பாதான் பதில் சொல்லணும். முப்பது வருஷப் பழக்கம், வீட்டுக்கும் வந்துடுச்சு."

மாடி நடையின் தாழ்வான உட்கூரை முழுக்கக் கரி. சுவர், விளக்கு, கதவின் மேல்சட்டம் எல்லாமே கறுப்பு. நடுவில் அந்த அலாரம் மட்டும் முளைத்த பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. அதன் ஓரமாகக் கூரைக் கரியில் நான்கு விரல்கள் இழுத்த தடம்.

மச்சினனுக்குப் பொறி தட்டிவிட்டது. "அத்தான்! இது புதுசு! கெட்டுப்போனதைக் கழட்டிட்டு வேறொண்ணை மாட்டியிருக்கான். பாக்கறேன்னு மேல வந்தது அதுக்குத்தான்!"

நிதானம் ஒரு ஸ்டூலில் ஏறி அலாரத்தைத் திருகிக் கழற்றினார். பின்பக்கத்து எண்ணைப் படித்துவிட்டு, அலாரம் வந்த பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். அந்த வீட்டில் பெட்டி இல்லாமல் இருக்குமா? மகள் எடுத்து வந்தாள். எண் அச்சு அசலாகப் பொருந்தியது. மச்சினன் ஆழம் தெரியாமல் காலை விட்டது இது முதல் தடவையல்ல, ஆகவே பெரிதாக வெட்கப்படவில்லை.

"அப்பா பட்டனை எப்படி அமுக்குவார்?"

"கைத்தடி நுனியால. அவருக்கு எட்டாது. அன்னையிலிருந்து அவர் மேல வரவே இல்ல. கீழேயே படுத்துக்கறார்."

"தீ அணைச்ச பிறகு முதல்ல இங்க வந்தது யாரு?"

"அம்மாவைத் தூக்கிட்டுப் போன பிறகு நான்தான் வந்தேன். அவங்க துணி எடுக்க." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் மூடியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

வழியில் நிதானம் விஷயத்தைச் சொன்னதும் மச்சினன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். "காரணம் தெரியலன்னு எழுதிடுங்க அத்தான். ஏற்கெனவே வெந்த புண்ணு. அதுல வேலைப் பாய்ச்சணுமா?"

"எழுதலாம். அந்தத் திருப்புளிக்காரன் சாகற வரைக்கும் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கட்டும்னு சொல்றியா?"

மச்சினன் நோட்டைத் திறந்து பார்த்தான். நோட்டிலிருந்த ‘கவனக்குறைவு’ அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

ஞாயிறு காலை சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். எலக்ட்ரீஷியன் உட்கார மறுத்துக் கதவோரம் நின்றான். நிதானம் அலாரத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது கெட்டுப்போகல. மாட்டினதிலயும் தப்பில்ல. பட்டனை அமுக்கினா பேட்டரியும் ஒலியும் வேலை செய்யுதுன்னுதான் தெரியும். ஆனா புகை வந்து சத்தம் போடணும்னா, இந்த ஓரத்து ஓட்டை வழியா புகை உள்ள போகணும். அன்னைக்கு நடை முழுக்க புகை. ஒரு பிடி கரிகூட இது மேல படியல. ஏன்?"

"நீங்களே சொல்லுங்க" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"ஏன்னா உறை போட்டிருந்துச்சு." நிதானம் கதவுப் பக்கம் திரும்பினார். "பெயிண்ட் முடிஞ்சதும் என்ன பண்ணச் சொன்னேப்பா?"

எலக்ட்ரீஷியன் வாய் திறந்தது. "உறையைக் கழட்டச் சொன்னேன் சார். மெல்லிசு பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரி இருக்கும். தூசிக்காக அதோடயே மாட்டினேன். நான் மேல போய்ப் பாத்தப்ப உறை இல்லையே! கழட்டிட்டாங்கன்னுதானே நினைச்சேன்!"

"கழட்டினாங்க. தீ அணைச்ச பிறகு. கரி மேல விரல் தடம் இருக்கு, அப்படின்னா கரி முன்னாடி, விரல் பின்னாடி. ஸ்டூல் இல்லாம எட்டற கை இந்த வீட்டுல ஒண்ணுதான்."

மகள் எழுந்து அலமாரியிலிருந்து நாலாக மடித்த ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் ஒரு பக்கம் மையாகக் கறுத்திருந்தது. அவள் எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவன் திரும்பிக் கும்பிடவில்லை. "ஒரு மாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

"அது பார்சல் கவர்தானே?" என்றார் ஸ்டோர் கீப்பர். "அதோடயே அமுக்கினேனே, அலறுச்சே! எனக்கு என்ன தெரியும்? கழட்டணும்னு எங்கிட்ட யாரு சொன்னா?"

"அம்மா சொன்னாங்கப்பா." மகளின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ரெண்டு தரம் சொன்னாங்க. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். ரெண்டாவது தரம் ஸ்டூலே எடுத்துட்டு வந்துட்டாங்க. ‘புதுசு, தூசி அடையும், இருக்கட்டும்’னு சொன்னீங்க. ஸ்டூலைத் திரும்பக் கொண்டுபோய் வெச்சுட்டாங்க. நானாவது எந்திரிச்சு வந்து கழட்டியிருக்கலாம். கழட்டல. அன்னைக்கு மேல போனப்ப அந்த உறையைப் பாத்தேன். அம்மா சொல்லியும் கேக்கலையேன்னு நினைச்சு நினைச்சே நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். அதான் மறைச்சேன்."

ஸ்டோர் கீப்பர் நெற்றியைச் சுருக்கினார். எந்த அலமாரியில் எந்தச் சரக்கு என்று முப்பது வருடமும் மனப்பாடமாகச் சொன்னவர், இப்போது எதையோ வெகுநேரம் தேடினார். மச்சினன் அவர் முகத்தையே பார்த்தான். அழப்போகிறார் என்று நினைத்தான்.

"எங்கிட்டயா சொன்னா?" என்று கேட்டார் அவர். "எப்போ?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.