தாழி கேட்ட அம்மா

மழை விட்டபாடில்லை. அருங்காட்சியகத்தின் பின்கூடத்தில் குடும்பங்களுக்கான களிமண் பட்டறை ஒருவழியாக முடிந்திருந்தது. காலையிலிருந்து நின்றே சொல்லிக்கொடுத்த டீச்சருக்குக் கால்கள் மரத்துப்போயிருந்தன. பிள்ளைகளின் இரைச்சல் ஓய்ந்த பிறகும் காதில் அது ஓயவில்லை. மேசையெங்கும் குட்டிக் குட்டித் தாழிகள். காட்சியறையில் இருக்கும் பழைய தாழியைப் பார்த்துச் செய்தவை. எந்தக் காலத்திலோ ஒரு குழந்தையை வைத்துப் புதைத்த தாழி அது.

"டீச்சர், என் பொண்ணைப் பாத்தீங்களா?"

அண்மையில் மனைவியைப் பறிகொடுத்த தகப்பன். முகத்தில் ஈயாடவில்லை. இருவரும் தேடிக்கொண்டு ஓடினார்கள்.

விளக்கணைத்த காட்சியறையில், தாழி இருந்த கண்ணாடிப் பெட்டியில் காதை வைத்தபடி நின்றிருந்தாள் சிறுமி. அறை முழுக்க ஈரமண் வாடை. பட்டறை மண்ணின் வாடை இல்லை. ஆழத் தோண்டிய குழியின் வாடை.

"வா பாப்பா, பூட்டப் போறாங்க."

"இருங்கப்பா. உள்ள இருக்கிற பாப்பாவுக்கு அம்மா வேணுமாம். எனக்கே அம்மா இல்லன்னு சொன்னேன். அழுதுக்கிட்டே இருக்கு."

தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிறுமி டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

வாதாட டீச்சருக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது.

"சரிடா கண்ணு. என்கூட வரச் சொல்லு."

சிறுமி கண்ணாடியில் உதட்டை வைத்துக் கிசுகிசுத்தாள்.

பெட்டிக்குள் 'டொக்'கென்று ஒரு சத்தம்.

"பழைய கட்டடம். மழைக்கு இப்படித்தான்," என்றாள் டீச்சர். தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டாள்.

பேருந்தில் தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. இறங்கித் தெருவில் நடக்கையில் வலதுகை மட்டும் சில்லிட்டது. உதறிவிட்டு நடந்தாள்.

மறுபடியும் சில்லிட்டது.

இந்த முறை விரல் விரலாக.

நடையை எட்டிப் போட்டாள்.

கணவன் கதவைத் திறந்தான். அவள் உள்ளே போய் நாற்காலியில் விழுந்தாள். அவனோ கதவைச் சாத்தவில்லை. வாசலைப் பார்த்துக் குனிந்து சிரித்தான்.

"யார் வீட்டுப் பிள்ளை இது? சொல்லவே இல்லையே நீ."

வேண்டாம், சாத்துங்க என்று கத்த நினைத்தாள்.

"கூச்சப்படாத," என்றான் அவன் இருட்டிடம். "உள்ள வா."

கதவு சாத்தப்பட்டது.

அவள் மடி மெல்லக் கனத்தது.